ஒத்தக்கடை டைப்பிங் சென்டரில் ஏழு பேட்ச்

மதுரையிலிருந்து மேலூர் போகிற ரோட்டில், ஒத்தக்கடையில், வாசலில் நின்றால் யானைமலை தெரிகிற ஒரு டைப்பிங் சென்டர். பத்திரம், மனு, பிரமாண வாக்குமூலம், ஸ்கேன், ஜெராக்ஸ் எல்லாம் நடக்கும். 2004 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பக்கத்து உலகனேரியில் திறந்ததிலிருந்து இந்தத் தொழில் அந்த வட்டாரத்தில் பெருகிவிட்டது. கடையில் ஒன்பது கணினிகள். ஒன்பதிலும் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம். அவற்றைப் பார்த்துக்கொள்வது பல வருஷமாக என் பொறுப்பு.

2024 ஜூன் 30-ஆம் தேதியோடு டெபியன் 10-க்கான நீண்டகால ஆதரவு முடிவதாக இருந்தது. அதற்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தம் வராது. அந்தக் கணினிகளில் இருப்பவை ஊரார் வீட்டு மனைப் பத்திரங்களும் ஆதார் நகல்களும். தள்ளிப்போட முடியாது. ஜூன் முதல் வாரமே ஆரம்பித்தேன். டெபியனில் ஒரு வெளியீட்டைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. 10-லிருந்து 11, அங்கிருந்து 12 என்று படிப்படியாக ஏற வேண்டும். ஏறுவது என்னவோ ஒரு சனிக்கிழமை ராத்திரி வேலைதான். மூன்று வாரம் பிடித்தது வேறொன்றுக்கு: அந்த இயங்குதளத்துக்குள் நாங்கள் சொந்தமாகச் செய்து வைத்திருந்த திருத்தங்களுக்கு, அதாவது பேட்சுகளுக்கு.

திருத்தம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு வரி, மூன்று வரி. மூலநிரல் கையில் இருக்கிறது, நமக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். அந்த உரிமைக்காகத்தான் நான் கட்டற்ற மென்பொருள் பக்கமே வந்தேன். ஆனால் திருத்திய நிரல் அப்படியே நிற்பதில்லை. அதை எழுதியவர்கள் மேலே எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். டெபியன்காரர்கள் அதை வாங்கிப் பொதியாகக் கட்டி அனுப்புகிறார்கள். நாம் கடைமடை. பெரியாறுக் கால்வாயில் மேல்மடையில் தண்ணீர் திறந்தால் கீழே நாம் கட்டிய வரப்பு கரைவது மாதிரி, ஒவ்வொரு புதுப் பதிப்பும் நம் திருத்தத்தின் மேல் பாய்ந்து வரும். வரப்பை மறுபடி கட்ட வேண்டும். அதற்கு, எங்கே கட்டினோம், எதற்குக் கட்டினோம் என்பது நினைவிருக்க வேண்டும். அப்ஸ்ட்ரீம் என்று எல்லோரும் சொல்வதை நான் மேல்மடை என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

முதல் வேலை கணக்கெடுப்பு. இரண்டு வழியில் பார்த்தேன். டெபியனில் பொதிகளை நிறுவும் கருவியான ஆப்டில் லிஸ்ட் போட்டால், களஞ்சியத்தில் இல்லாமல் நாமே கட்டி நிறுவிய பொதிகளுக்குப் பக்கத்தில் ‘லோக்கல்’ என்று காட்டும். அதில் நான்கு வந்தன. ஸ்கேனர் டிரைவர், ஆவணங்களை ஸ்கேன் செய்யும் சிம்பிள் ஸ்கேன், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கான வடிகட்டி (அச்சுக்குப் போவதை மாற்றிக் கொடுக்கும் நிரல்), ஒரு வைஃபை டாங்கிளின் டிரைவர். இவை எனக்குத் தெரிந்தவை. அடுத்தது டெப்சம்ஸ். ஒவ்வொரு பொதியோடும் வருகிற எம்டி5 சரிபார்ப்பு எண்ணை வட்டில் இருக்கும் கோப்போடு ஒப்பிட்டு, மாறியிருப்பதைச் சொல்லும் கருவி இது. அதில் இன்னும் மூன்று வந்தன. தமிழ்த் தட்டச்சுக்கான எம்17என் விசைக் கோப்பு, தேதி, எண் வடிவங்களைச் சொல்லும் இந்தியத் தமிழுக்கான லொகேல் கோப்பு, ஒரு சிறு நிரலின் தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்பு. பின் இரண்டும் எனக்கே மறந்துபோயிருந்தன.

இந்த மூன்றையும் யூஎஸ்ஆர் அடைவுக்குள் நேரடியாகவே மாற்றியிருந்தோம். இதைப் போல ஆபத்தான பழக்கம் இல்லை. ஈடிசி அடைவில் இருக்கும் அமைப்புக் கோப்பை நீங்கள் திருத்தியிருந்தால், மேம்படுத்தும்போது உன்னுடையதை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்று, ஆப்டுக்கு அடியில் பொதியை நிறுவும் டிபிகேஜி நின்று கேட்கும். யூஎஸ்ஆருக்குள் இருப்பதைக் கேட்காது. மேலே எழுதிவிட்டுப் போய்விடும். காலையில் கடை திறந்து அக்கா தட்டச்சு செய்ய உட்காரும்போதுதான் தெரியவரும்.

அந்த அக்காவிடமிருந்தே தொடங்குகிறேன். லோயர், ஹையர் இரண்டும் தட்டச்சுப் பொறியில் தேர்வெழுதிப் பாஸ் செய்தவர். தமிழ்99 எல்லாம் அவருக்கு வேண்டாம்; பழைய தட்டச்சுப் பொறியின் விசை வரிசைதான் வேண்டும். எம்17என் தரவுத் தொகுப்பில் தமிழுக்கு அந்த வரிசையும் இருக்கிறது. ஆனால் பத்திர வேலைக்குச் சில குறிகள் கைக்கு எட்டும் இடத்தில் வேண்டும். முக்கியமாக ௸. ‘மேற்படி’ என்பதற்கான குறி. ‘௸ சொத்தை’, ‘௸யார்’ என்று பக்கத்துக்குப் பத்து முறை வரும். யூனிகோடில் 2003-இல் 4.0 பதிப்போடு இது வந்தது, ௹, ௺ இவற்றோடு சேர்ந்து. நான் கணக்கெடுத்துக்கொண்டிருந்தபோது அக்கா நாற்காலியைத் திருப்பிச் சொன்னார்: “தம்பி, நீ எதை வேணா அங்கிட்டும் இங்கிட்டும் மாத்திக்க. அந்த மேற்படி கீயை மட்டும் எடுத்துறாத.”

எடுக்கவில்லை, ஆனால் இடத்தை மாற்றினேன். எம்17என் நூலகம் பயனர் வீட்டு அடைவில் புள்ளி எம்17என் புள்ளி டி என்று ஓர் அடைவு இருந்தால் அதையும் படிக்கும். அதற்குள் ‘பத்திரம்’ என்று புதிய பெயரில் ஒரு விசைக் கோப்பு எழுதினேன். பழைய வரிசை முழுவதையும் நகலெடுக்கவில்லை. இன்க்ளூட் கட்டளையால் மூல வரிசையை உள்ளே இழுத்துக்கொண்டு, நமக்கு வேண்டிய விசைகளை மட்டும் அதன்மேல் வைத்தால் போதும். மொத்தம் பதினைந்து வரிகூட இல்லை. மூலக் கோப்பு டெபியன் தந்தபடியே இருக்கிறது; அதில் ஏதாவது திருத்தம் வந்தால் நமக்கும் தானாக வந்துவிடும். அதை ஸ்கெல் அடைவிலும் போட்டுவிட்டதால் புதுப் பயனர் கணக்கு திறந்தாலும் அந்தக் கோப்பு கூடவே வரும். வருஷக்கணக்கில் ஒவ்வொரு மேம்பாட்டுக்கும் பிறகு நான் கையால் ஒட்டிக்கொண்டிருந்த திருத்தம், திருத்தமே தேவையில்லாத ஒன்றாக மாறியது.

அதில் இன்னொரு சங்கதியும் இருந்தது. ஸ்ரீ. யூனிகோடில் முதலில் இந்த எழுத்தை ‘ஸ’வில் தொடங்கித்தான் எழுதினோம். 2005-இல் 4.1 பதிப்பில் ‘ஶ’ தனி எழுத்தாக வந்த பிறகு, ஸ்ரீயை அதில் தொடங்கி எழுதுவதே முறை என்றானது. திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். தேடினால் ஒன்று மற்றொன்றில் சிக்காது. கடையில் இருக்கும் பழைய பத்திரங்கள் எல்லாம் ‘ஸ’ முறை. ஸ்ரீனிவாசன், ஸ்ரீதர் என்று எத்தனை பெயர்கள்! புதிய முறையில் தட்டினால் பழைய கோப்பில் அந்த ஆளைத் தேடி எடுக்க முடியாது. அதனால் எங்கள் விசைக் கோப்பில் பழைய முறையையே வைத்தேன். இந்தத் திருத்தத்தை மேல்மடைக்கு அனுப்பக் கூடாது, அனுப்பினால் தவறு. தரம் ஒன்று சொல்கிறது, எங்கள் பெட்டியில் இருக்கும் பழைய சரக்கு இன்னொன்று சொல்கிறது. இப்படி ‘நமக்கு மட்டும்’ என்று இருப்பவைதான் உண்மையிலேயே உள்ளூர்த் திருத்தங்கள். கோப்பின் தலையில் தமிழிலேயே இந்தக் காரணத்தை நாலு வரியில் எழுதி வைத்தேன்.

சில சீக்கிரமே முடிந்தன. வைஃபை டாங்கிளின் டிரைவருக்கு ஒரு பேட்ச் வைத்திருந்தோம். டாங்கிளைத் தேடினால் அது கடையிலேயே இல்லை, கம்பி வழி இணைப்புக்கு மாறி வருஷமாகிறது. நீக்கினேன். லொகேல் கோப்பில் தேதி வடிவத்தை மாற்றியிருந்தோம். அதை வேறு பெயரில் நகலெடுத்து லோகேல்டெஃப் கட்டளையால் தொகுத்துக்கொண்டேன், மூலக் கோப்பைத் தொட வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பில் இருந்தது ஒரு சொல் திருத்தம், எல்லோருக்கும் பயன்படுவது. அதை அந்தத் திட்டத்தாருக்கே அனுப்பிவிட்டு நம் பக்கத்தில் விட்டுவிட்டேன். பொத்தானில் அந்தச் சொல் கொஞ்ச நாள் பழையபடி இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

டாட் மேட்ரிக்ஸ் வடிகட்டி கொஞ்சம் வருத்தம் தந்தது. முத்திரைத்தாளில் மேல்பாதி ஏற்கெனவே அச்சாகியிருக்கும். நம் எழுத்து அதற்குக் கீழே தொடங்க வேண்டும். அதற்காக, முதல் பக்கத்தை மட்டும் கீழே தள்ளி அச்சடிக்கும்படி, கப்ஸ் அச்சு அமைப்பின் சி நிரலில் கை வைத்திருந்தோம். லிப்ரே ஆபிஸில் முதல் பக்கத்துக்கென்று தனிப் பக்கப் பாணி இருக்கிறது. மேல் ஓரத்தை அங்கே கூட்டி ஒரு வார்ப்புருவாகச் சேமித்தால் விஷயம் முடிந்தது. அச்சு அமைப்புக்குள் இறங்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை. ஐந்து நிமிட வேலைக்கு ஒரு பொதியை வருஷக்கணக்கில் சுமந்திருக்கிறோம்.

மிஞ்சியவை ஸ்கேனர் டிரைவரும் சிம்பிள் ஸ்கேனும்.

ஸ்கேனர் டிரைவர்தான் பெரிய கதை. லினக்ஸில் ஸ்கேனர்களை இயக்குவது சேன் என்ற தொகுப்பு. கடையில் இருப்பது ஜிஎல்847 சிப் உள்ள பழைய படுக்கை ஸ்கேனர். சேனுக்குள் ஜெனிசிஸ் என்ற பகுதி அதைப் பார்த்துக்கொள்கிறது. உதிரியாக இருந்த ஒரு கணினியில் டெபியன் 11 ஏற்றி, ஆப்ட் சோர்ஸ் மூலம் சேனின் மூலநிரலை இறக்கி, நம் பேட்சை டெபியன் அடைவின் பேட்சஸ் பட்டியலில் கடைசியாகச் சேர்த்து, பேட்சுகளை ஒட்டும் கருவியான குவில்டில் புஷ் கொடுத்தேன். வழக்கமாக ஒரு பேட்ச் ஒட்டாமல் போனால் ‘இந்தத் துண்டு பொருந்தவில்லை’ என்று ரிஜெக்ட் கோப்பு ஒன்று விழும். அதைப் பார்த்துக் கையால் சரிசெய்யலாம். இந்த முறை அதுவும் இல்லை. திருத்த வேண்டிய கோப்பையே காணவில்லை.

காரணம் இதுதான். டெபியன் 10-இல் இருந்த சேன் 1.0.27. டெபியன் 11-இல் இருப்பது 1.0.31. இந்த இரண்டுக்கும் நடுவே ஜெனிசிஸ் பகுதியை சி மொழியிலிருந்து சி++ மொழிக்கு மாற்றி எழுதிவிட்டார்கள். கோப்புகள் தனி அடைவுக்குள் போய்விட்டன. முன்பு சிப்புக்குச் சிப்பு தனித்தனியாக எழுதியிருந்த பல வேலைகளை ஒரே இடத்தில் திரட்டியிருந்தார்கள். மிக நல்ல வேலை. ஆனால் பேட்ச் என்ற நிரல், லாரி வால் 1985-இல் எழுதி வெளியிட்ட நாளிலிருந்து, சுற்றியுள்ள வரிகளைப் பார்த்துத்தான் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. சில வரி நகர்ந்திருந்தால் சமாளிக்கும். தெருவையே இடித்துக் கட்டினால் வீட்டு எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?

பேட்சைத் திறந்து பார்த்தேன். ஒரே ஒரு மாற்றம். ஸ்கேன் முடிந்து தலைப்பகுதி ஆரம்ப இடத்துக்குத் திரும்பும்வரை டிரைவர் ஒரு சுற்றில் காத்திருக்கும். சுற்றுக்கு 100 மில்லிசெகண்ட், 300 சுற்று, ஆகமொத்தம் 30 விநாடி. அதற்குள் வராவிட்டால் மோட்டாரை நிறுத்திப் பிழை காட்டும். நம் பேட்ச் 300-ஐ 600 ஆக்கியிருந்தது. ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. தலைப்பில் ‘ஸ்கேனர் ஃபிக்ஸ்’ என்று மட்டும் இருந்தது.

புதிய நிரலில் அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். அதே 300 அங்கேயும் இருந்தது. கை தானாக 600 என்று மாற்றப் போனது. நல்லவேளை, மேலும் கீழும் படித்தேன். பழைய நிரலில் அந்தச் சுற்று இந்த ஒரு சிப்புக்கான கோப்பில் இருந்தது. புதியதில் அது எல்லாச் சிப்புகளுக்கும் பொதுவான வேலைக்குள் இருக்கிறது. கடையில் உள்ளறையில் வேறு சிப் உள்ள இன்னொரு ஸ்கேனரும் உண்டு. இங்கே 600 என்று போட்டால், அந்த ஸ்கேனரில் தலை நிஜமாகவே சிக்கிக்கொண்டாலும் மோட்டார் ஒரு நிமிஷம் முட்டிக்கொண்டே இருக்கும். அந்த 30 விநாடி மோட்டாரைக் காப்பதற்கான எல்லை. எண் மாறவில்லை, வரியும் கிட்டத்தட்ட மாறவில்லை. ஆனால் நம் திருத்தத்தின் பொருள் மாறிவிட்டது. எந்தக் கருவியும் இதைக் கண்டுபிடித்துச் சொல்லாது.

இந்த இடத்தில் எனக்கு, குறியாக்க நூலகமான ஓபன்எஸ்எஸ்எல்லில் டெபியனில் நடந்த சம்பவம் ஞாபகம் வராமல் இருப்பதில்லை. 2006 செப்டம்பரில், வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கையை நிறுத்த, டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் பொதியில் உள்ளூர்த் திருத்தமாகச் சிறு மாற்றம் ஒன்று செய்தார்கள். ரகசியத் திறவுகோல்களுக்கான தற்செயல் எண்களில் கலவை சேர்க்கும் வேலை அதோடு போய்விட்டது. மிஞ்சியது இயங்கும் செயலின் எண் மட்டும். அதனால் ஒரு வகைக் கணினியில் ஓர் அளவுத் திறவுகோலுக்கு 32,768 வாய்ப்புகள்தான். இது வெளியே தெரிந்தது 2008 மே 13 அன்று. இருபது மாதம். உலகெங்கும் திறவுகோல்களைத் தூக்கிப் போட்டுப் புதிதாக உருவாக்கினார்கள். நல்ல நோக்கத்தோடு, பொறுப்பானவர்கள் செய்த சின்னத் திருத்தம் அது. என் 600-க்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு. ஆனாலும் புரியாத எண்ணைப் புதிய நிரலில் ஒட்டுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

பேட்சை எழுதிய தம்பி முன்பு எங்களோடு இருந்தவர், இப்போது கோயம்புத்தூரில் வேலை. போன் போட்டேன்.

“அண்ணே, அது ரெண்டாயிரத்துப் பதினெட்டு ஐப்பசி. நல்ல மழை. ஹெட்டு திரும்பி வர்றப்ப நின்னு நின்னு வந்துச்சு. வர்றதுக்குள்ள டிரைவர் நிப்பாட்டிருது. வாசல்ல அம்புட்டுக் கூட்டம். டபுளாக்கி விட்டேன், ஓடிருச்சு. அப்புறமாப் பாத்துக்கலாம்னு நெனச்சேன்ணே.”

நின்று நின்று வந்தது என்றதும் புரிந்தது. ஸ்கேனரில் இருப்பது ஸ்டெப்பர் மோட்டார். அது சோர்ந்து மெதுவாக ஓடாது; எடை கூடினால் படி தவறும். தவறிய படிகளுக்குத் தலை நகராது. ஆகவே சிக்கல் நிரலில் இல்லை, தண்டவாளத்தில். மேல்மூடியைக் கழற்றினேன். தலை ஓடும் இரும்புக் கம்பியில் பழைய கிரீஸும் ரோட்டுத் தூசியும் சேர்ந்து பசையாக அப்பியிருந்தது. மேலூர் ரோட்டில் கல் லாரி ஓயாமல் போகும் இடம் அது. பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுக் கம்பியைத் துடைத்தேன். பல் பட்டையைத் தூரிகையால் தட்டினேன். வெள்ளை கிரீஸ் கடுகளவு. கண்ணாடிக்கு அடியில் ஒரு வெள்ளைப் பட்டை இருக்கும், அளவுத்திருத்தத்துக்கானது. அதில் கைபடாமல் பார்த்துக்கொண்டேன். பட்டால் ஒவ்வொரு ஸ்கேனிலும் கோடு விழும்.

மறுபடி மூடி, ஜெனிசிஸின் டீபக் செய்தி வரும்படி சூழல் மாறியை வைத்து, பேட்ச் இல்லாத டெபியன் 11 பொதியோடு இருபது முழுப் பக்கம் ஓட்டினேன். துடைப்பதற்கு முன் இதே சோதனையில் நான்கு முறை 30 விநாடியைத் தாண்டிப் பிழை வந்தது. துடைத்த பிறகு ஒருமுறைகூட 15 விநாடியைத் தொடவில்லை. பேட்சை அழித்தேன். ஆறு வருஷம் சுமந்தது.

சுமந்தபோது வேறு ஒரு தீங்கும் நடந்திருக்கிறது, அது இப்போதுதான் கண்ணில் பட்டது. நாமே கட்டிய பொதியை ஆப்ட் அடித்துச் செல்லாமல் இருக்க இரண்டு விதமாகக் கட்டிப்போட்டிருந்தோம். ஒன்று ஹோல்ட். அது போட்டால் அந்தப் பொதிக்கு எதுவுமே வராது, பாதுகாப்புத் திருத்தம் உட்பட. மற்றது பதிப்பெண்ணின் வாலில் நாம் சேர்த்த ஒட்டு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பலரும் விழும் குழி இது.

டெபியனின் பொதி 1.0-1 என்று வையுங்கள். நாம் திருத்திக் கட்டியதற்கு வாலில் ப்ளஸ் குறியும் எம்டியு1-உம் சேர்த்திருந்தோம். மதுரைக்கு எம்டியு. பாதுகாப்புக் குழு அதே பொதிக்குத் திருத்தம் வெளியிட்டால் அதன் வாலில் ப்ளஸ் டெப்11யு1 என்று வரும். இரண்டிலும் முதலில் ப்ளஸ். அடுத்து எழுத்தை ஒப்பிடும்போது எம் பெரியது, டெப்-இன் முதல் எழுத்து சின்னது. ஆகவே நம் பழைய பொதியே புதியது என்று ஆப்ட் முடிவு செய்யும். பாதுகாப்புத் திருத்தம் வந்த சுவடே தெரியாமல் ஒதுங்கிப் போகும். எந்த எச்சரிக்கையும் இல்லை.

ப்ளஸ் இல்லாமல் வெறும் எழுத்தாக ஒட்டினால், 1.0-1எம்டியு1 என்று, கணக்கு வேறு. டெபியனின் ஒப்பீட்டில் எழுத்துகள் குறிகளுக்கு முன்னால் வரும். எனவே நம்முடையது வெறும் 1.0-1-ஐ விடப் பெரியது, பாதுகாப்புத் திருத்தத்தை விடச் சிறியது. திருத்தம் வந்தால் அது நம்முடையதை மேலெழுதும். நம் மாற்றம் போகும், ஓட்டை அடைபடும். அந்த வரிசைதான் சரி. பொதியின் பதிப்பெண்ணை எழுதித் தரும் டிசிஹெச் கட்டளையின் லோக்கல் தெரிவு இப்படித்தான் ஒட்டுகிறது. நாங்கள்தான் கையால் ப்ளஸைச் சேர்த்திருந்தோம். சந்தேகம் இருந்தால் டிபிகேஜியின் கம்பேர்-வெர்ஷன்ஸ் கட்டளையில் இரண்டையும் கொடுத்துப் பார்த்துவிடலாம். 2020 மே மாதம் சேன் 1.0.30 பல பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்து வந்தது. அந்த மாதிரித் திருத்தம் ஏதாவது டெபியன் 10-க்கு வந்திருந்தாலும், ஒன்பது கணினியிலும் நாங்கள் கதவைச் சாத்தி வைத்திருந்தோம். ஒரு சுற்றின் எண்ணிக்கைக்காக.

இப்போது சிம்பிள் ஸ்கேன். இது ஒன்றைத்தான் விட மனமில்லை, விடவும் முடியாது. ஸ்கேன் செய்து சேமிக்கப் போனால் ஒவ்வொரு முறையும் ஒரே பெயரைக் காட்டும். ‘ஏற்கெனவே இருக்கிறது, மாற்றவா’ என்று கேட்கும். கூட்ட நேரத்தில் ஆம் என்று தட்டிவிடுவார்கள். இப்படித்தான் ஒருமுறை ஒரு பாட்டியின் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகல் போனது. அவர் சிட்டம்பட்டிப் பக்கமிருந்து பஸ் ஏறி மறுபடி மூலப் பத்திரத்தோடு வர வேண்டியிருந்தது. அதன் பிறகு, பெயரோடு தேதியும் நேரமும் விநாடி வரை சேரும்படி மூன்று வரி மாற்றினோம். வாலா மொழி நிரல். இதற்கு அமைப்பில் தெரிவு தேடினேன். நான் பார்த்த பதிப்புகளில் கிடைக்கவில்லை.

இந்த முறை அதை முறையாகச் செய்தேன். குவில்ட் நியூ என்று பேட்சுக்குப் பெயர், குவில்ட் ஆட் என்று கோப்பைச் சேர்ப்பது, திருத்தம், குவில்ட் ரிஃப்ரெஷ். குவில்டின் வேர், லினக்ஸ் கெர்னலுக்காக ஆண்ட்ரூ மார்ட்டன் பேட்சுகளை அடுக்கி வைக்க எழுதிய சிறு நிரல்கள். அடுக்கு என்பதுதான் அதன் உயிர். டெபியனின் பேட்சுகள் கீழே, நம்முடையது மேலே. ஒவ்வொன்றாக ஏற்றலாம், இறக்கலாம். ஒன்றை இறக்கிப் பார்த்து அது இல்லாமல் கட்டிப் பார்க்கலாம். கிட் (Git) என்ற நிரல் வரலாற்றுக் கருவியில் ரீபேஸ் செய்து, அதாவது புதிய பதிப்பின் மேல் திருத்தங்களை மறுபடி ஏற்றி, வைத்துக்கொள்வோரும் உண்டு, பெரிய திருத்தமானால் அதுவே வசதி. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் வெளியார் நிரலைத் தொடாத நகலாக வெண்டர் கிளை ஒன்றில் வைத்து, அதிலிருந்து தன் திருத்தங்களோடு கான்ட்ரிப் அடைவுக்குள் இணைத்துக்கொள்கிறது. எதுவானாலும் மூலம் தனியாக, நம் கை பட்டது தனியாக இருக்க வேண்டும். எங்கள் மூன்று வரிக்குக் குவில்ட் போதும்.

டெபியன் 11-இல் சிம்பிள் ஸ்கேன் 3.38. அங்கே பேட்ச் சில வரி நகர்ந்து, சுற்றுவரிகள் முழுக்கப் பொருந்தாமலே ஒட்டியது. இப்படித் தோராயமாக ஒட்டியதை அப்படியே விடக் கூடாது. சுற்றுவரிகள் சரியாகப் பொருந்தாத பேட்சை டிபிகேஜி-சோர்ஸ் ஏற்காது. ரிஃப்ரெஷ் செய்து துல்லியமாக்கியே கொடுக்க வேண்டும். அது நல்ல கண்டிப்பு. அடுத்த சனிக்கிழமை 12-க்கு ஏறியபோது 42.5. சிம்பிள் ஸ்கேனை வெளியிடும் நோம் (GNOME) திட்டம் நடுவில் எண் முறையை மாற்றியதால் இந்தத் தாவல். இம்முறை பேட்ச் ஒட்டவில்லை. ரிஜெக்ட் கோப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெயர் உருவாகும் இடத்தைப் படித்துப் புரிந்துகொண்டு, மூன்று வரியையும் புதிதாக எழுதினேன். இருபது நிமிடம். பிறகு ஒரு தடவை அதே பெயரில் இரண்டு ஸ்கேன் சேமிக்க முயன்று, இரண்டு கோப்பும் இருக்கிறதா என்று பார்த்தேன். இந்தச் சோதனையையும் பேட்சின் தலைப்பிலேயே எழுதிவிட்டேன், அடுத்து கட்டுகிறவர் செய்ய வேண்டியதாக.

தலைப்பு டெபியனின் டெப்-3 முறையில் இருக்கிறது. விளக்கம், எழுதியவர், மேல்மடைக்கு அனுப்பியதா, கடைசியாகப் புதுப்பித்த நாள் என்று புலங்கள். விளக்கத்தில் பாட்டியின் பத்திரம் தொலைந்த கதை இருக்கிறது, பெயரில்லாமல். அனுப்பியதா என்ற இடத்தில் ‘இன்னும் இல்லை’. அனுப்பத் தகுந்ததுதான். ஆனால் எல்லோரும் தேதி வேண்டும் என்று சொல்லமாட்டார்கள். அமைப்பில் ஒரு தெரிவாக மாற்றி எழுதி, அதற்கான சொற்களையும் சேர்த்துத் தர வேண்டும். அந்த வேலை பாதியில் நிற்கிறது. முடித்து அனுப்புவேன்.

ஒன்பது கணினியும் ஜூன் 29 சனிக்கிழமை இரவு பன்னிரண்டரைக்கு 12-க்கு வந்தன. ஏழில் டாங்கிள் டிரைவர் போய்விட்டது, சிம்பிள் ஸ்கேன் மட்டும் நம் பேட்சோடு; மற்ற ஐந்தும் டெபியன் தந்தபடியே இருக்கின்றன. டெப்சம்ஸ் ஓட்டினால் ஒன்றும் சொல்வதில்லை. திங்கட்கிழமை காலை அக்கா முதல் பத்திரத்தில் மேற்படி விசையைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போனார்.

ஸ்கேனரின் அடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி மார்க்கரில் எழுதியிருக்கிறேன்: ‘கம்பி துடைத்தது 2024 ஜூன் 16. அடுத்தது மார்கழியில்.’